தலைவர் என் அப்பாவை விசாரித்தார்

தலைவர் என்னைக் கொல்லப் போகிறார் என்று நான் நம்பினேன். சந்தேகப்பட்டேன் என்று எழுதினால் கொஞ்சம் கௌரவமாக இருக்கும். ஆனால் சந்தேகம் வந்தவன் நாலு பேரிடம் விசாரிப்பான். நான் யாரிடமும் விசாரிக்கவில்லை, நேராக நம்பிவிட்டேன். ஏறக்குறைய ஒரு மாதம், கோயமுத்தூரில் ஓடும் வெள்ளைக் கார் ஒவ்வொன்றும் என்மேல் ஏறுவதற்காகவே ஷோரூமைவிட்டுக் கிளம்பியது என்று எண்ணிக்கொண்டு நடமாடினேன். இந்த ஊரில் எத்தனை வெள்ளைக் கார் ஓடுகிறது என்று தெரிந்தவர்களுக்கு என் நிலைமை புரியும்.

நான் வக்கீல். சிவில் பக்கம். கொலை, கொள்ளை பார்க்கும் தைரியசாலிகள் எதிர் வராந்தாவில் இருப்பார்கள். என் பிழைப்பு வேலித் தகராறு, கிணற்றுப் பங்கு, வண்டித்தடம். ஒருவர் என்னைக் கொல்ல நினைக்குமளவுக்கு நான் எந்த வழக்கையும் வேகமாக நடத்தியதில்லை. அப்படி நிம்மதியாக இருந்தவனிடம்தான் தலைவருக்கு எதிரான அந்த வழக்கு வந்தது.

தலைவர் என்றால் சென்னையில் இருக்கும் தலைவர் இல்லை. கோயமுத்தூருக்குத் தெற்கே ஒரு பேரூராட்சியில் பலமுறை சேர்மன், கட்சியில் மாவட்டப் பொறுப்பு, வயது எண்பதை ஒட்டி. வெள்ளை வேட்டியில் ஒரு சுருக்கம் பார்க்க முடியாது. அவருடைய தென்னந்தோப்பின் மூலையில் ஓர் ஓட்டு வீடு. அதில் இருந்த அம்மாதான் இந்த வழக்கில் என் கட்சிக்காரர். அவருடைய குடும்பம் தலைமுறை தலைமுறையாக அந்தத் தோப்பில் கூலி வேலை செய்தது. புருஷன் தேங்காய் போடுவதற்காக மரமேறி, உச்சியிலிருந்து விழுந்து இறந்துபோனார். சாவு வீட்டில் வைத்து, தலைவர் எல்லோர் காதிலும் விழும்படி சொன்னார்: "அந்த மூலை இனி உன்றது. ஊடு கட்டிக்க. ஒருத்தனும் உன்னக் கேக்க மாட்டான்."

பத்திரம் கிடையாது. எங்கள் பக்கம் பெரிய மனிதர் வாயால் கொடுத்ததற்குப் பத்திரம் கேட்டால் அது மரியாதைக் குறைவு. அந்தம்மா மரியாதையாக வீட்டைக் கட்டி, மரியாதையாக மகளை அங்கிருந்தே கட்டிக்கொடுத்து, இருபது வருடத்துக்குமேல் மரியாதையாக இருந்துவிட்டார். இப்போது தோப்பை அழித்து மனை போடப் போகிறார்கள். தலைவர் பெயரிலேயே வழக்கு: 'காவலுக்கு என்று தங்கவைத்திருந்தேன், காலி செய்ய மறுக்கிறாள்.'

சட்டம் இந்த இடத்தில் எளிமையானது. வாயால் கொடுத்த தானம் தன்னளவில் செல்லாது. ஆனால் 'இது உனக்கு' என்று கொடுத்தது நிரூபணமாகி, அந்த நம்பிக்கையில் பன்னிரண்டு வருடம் தாண்டி இருந்துவிட்டால் இடம் அவருடையது. காவலுக்குத் தங்கவைத்தது என்றால் ஒரு செங்கல்கூட அவருடையதில்லை. சாவு வீட்டில் அந்தப் பேச்சைக் கேட்டவர்களில் பாதிப் பேர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள், மீதிப் பேர் தலைவருடைய கட்சியில் இருப்பவர்கள். ஆக, கொடுத்தாரா இல்லையா என்று சொல்லக்கூடிய ஆள் ஒருவர்தான். அவரோ வழக்குப் போட்டிருக்கிறார்.

வழக்கில் நான் ஆஜரான அதே வாரம், சிங்காநல்லூர்ப் பக்கம் ஒரு கல்யாணம். மண்டப வாசலில் சந்தனம் எடுத்து நெற்றியில் வைக்கும்போது என் கையை ஒரு கை பிடித்தது. தலைவர். பக்கத்தில் அவர் மகன்.

"அடடே, அச்சாபீஸ்காரர் பையனுங்களா? வாங்க கண்ணு. நெம்ப நாளாச்சுங்க பாத்து. அப்பா எப்படி இருக்காருங்க?"

என் அப்பா அச்சாபீஸ் வைத்திருந்தவர். ஊரில் மில் வைத்த தெலுங்குக்காரர்கள் ஒரு வகை, அந்த மில்களுக்கு லேபிளும் நோட்டீசும் அடித்துக் கொடுத்த தெலுங்குக்காரர்கள் இன்னொரு வகை. நாங்கள் இரண்டாவது. தலைவருடைய தேர்தல் போஸ்டரெல்லாம் எங்கள் மிஷினில்தான் ஓடியது. அப்பா இறந்து பதினொரு வருடம் ஆகிறது. பாடையின் முன்பக்கம் இடது தோள் கொடுத்தவர் இதே தலைவர். சுடுகாட்டில் மைக் வைத்துப் பேசியவரும் இதே தலைவர்.

அவர் என் கையைத் தட்டிக் கொடுத்தார்.

"பாத்தா நான் கேட்டதாச் சொல்லுங்க. சீக்கரமே பாக்கோணும்னு சொல்லுங்க கண்ணு."

மகன் என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு, அவரை மெல்ல உள்ளே அழைத்துப் போனான்.

வெளியூர்க்காரர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் பக்கம் கொலை மிரட்டலும் 'ங்க' போட்டுத்தான் வரும். 'உங்க தலை ரெண்டாப் போயிருமுங்க, பாத்துப் போங்க' என்று சொல்லிவிட்டு, மோர் குடித்துவிட்டுப் போகச் சொல்வார்கள். செத்துப்போன அப்பனை நீ சீக்கிரம் பார்ப்பாய், பார்த்தால் நான் கேட்டதாகச் சொல். இதைவிடத் தெளிவாக ஒரு மனிதனிடம் எப்படிச் சொல்வது?

வீட்டுக்குப் போனதும் மனைவியிடம் சொன்னேன். பயம் வந்தால் எனக்குத் தெலுங்குதான் வரும், அதுவும் குழந்தைத் தெலுங்கு. அவள் முழுவதையும் கேட்டுவிட்டுத் தமிழில் பதில் சொன்னாள்.

"ஏனுங்க, உங்களக் கொல்றதுக்கு ஆளு வெச்சா, நீங்க கேசு நடத்தி வாங்கற பீஸவிட ஜாஸ்தி ஆகுமுங்க. அவிய அரசியல்வாதி. கணக்குத் தெரியாதா?"

"நீ சீரியஸா எடுத்துக்க மாட்டேங்கற."

"எடுத்துக்கறனுங்க. எதுக்கும் அந்த வாஷிங்மிஷின் ரிப்பேர்காரனுக்குப் போன் பண்ணிப் போட்டு அப்பறம் சாவுங்க. உங்களுக்குத்தான் அவன் நம்பர் தெரியும்."

அவள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பைக்கை எடுப்பதை நிறுத்தினேன். டவுன் பஸ்ஸில் கண்டக்டருக்குப் பின்னால் நின்று போனேன். குண்டு பாய்ந்தால் முதலில் அவர்மேல் பாயட்டும் என்ற நல்லெண்ணம். கோர்ட் வாசலில் இளநீர் வெட்டுபவர் கையில் அரிவாள் இருப்பது எனக்கு அந்த மாதம்தான் முதன்முதலாகத் தெரிந்தது. அவரைக் கண்டால் ரோட்டைக் கடந்து எதிர்ப்பக்கம் போனேன். பேக்கரியில் வாங்கிய தேங்காய் பன்னை முதலில் ஒரு நாய்க்குப் போட்டுப் பார்த்தேன். நாய்க்கு ஒன்றும் ஆகவில்லை. மறுநாள் அது இன்னொரு நாயை அழைத்துக்கொண்டு வந்து நின்றது.

என் கட்சிக்கார அம்மாவை வரச்சொல்லி, சமாதானமாகப் போய்விடலாமா என்று கேட்டேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஏனுங் சார், அவியகிட்டக் காசு கீது வாங்கிப்போட்டீங்களா?"

"அதெல்லாம் இல்லம்மா. கொஞ்சம் பயமா இருக்குது."

"என்ற ஊட்டுக்காரரு அத்தாச்சோடு ஒசர மரத்துல ஒரு கயித்த நம்பி ஏறுவாருங். அவுருக்கில்லாத பயம், நாற்காலில உக்காந்துட்டு இருக்கற உங்களுக்கு என்னங்?"

"அவரு உழுந்துட்டாரேம்மா," என்று சொல்லிவிட்டேன்.

இப்படித்தான் என் வாய். பயந்தால் அதிகமாகும். அந்தம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்தார். பிறகு சிரித்தார். அந்தச் சிரிப்பை என்னால் இன்றுவரை ரசிக்க முடிந்ததில்லை.

"ஆமாங், உழுந்துட்டாரு. அதுக்குத்தான அந்த எடங் குடுத்தாங்க. கேச நடத்துங்க."

பொள்ளாச்சி ரோட்டில் ஒரு காதுகுத்து விருந்துக்குப் போகவேண்டி வந்தது. மனைவி வழி உறவு, தவிர்க்க முடியாது. தலைவர் வந்திருக்கிறார் என்று தெரிந்ததும் நான் ஒரு தூணுக்குப் பின்னால் நின்றுகொண்டேன். என் உடம்புக்கு அந்தத் தூண் போதாது. இருந்தாலும் அங்கேயே நின்று அவரை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். கொலைகாரன்மேல் வைத்த கண்ணை எடுக்கக்கூடாது அல்லவா.

அந்த மண்டபத்தில் இருந்த நூற்றுக்கணக்கானவர்களில் அன்றைக்குத் தலைவரை உற்றுப் பார்த்தவன் நான் ஒருவன்தான் என்று நினைக்கிறேன். மற்றவர்கள் வணக்கம் வைத்தார்கள், அவர் கேட்டதற்குப் பதில் சொன்னார்கள், நகர்ந்துவிட்டார்கள். அவர் எல்லோரிடமும் ஒரே மாதிரிதான் கேட்டார். "வாங்க கண்ணு, நெம்ப நாளாச்சுங்க பாத்து. அப்பா எப்படி இருக்காருங்க?" சட்டையில்லாமல் மேல்துண்டு போட்ட ஒரு வழுக்கைத் தலைப் பெரியவரிடமும் கேட்டார். அந்தப் பெரியவருக்கே எழுபத்தைந்து இருக்கும். "இருக்காருங், நல்லா இருக்காருங்," என்று அவர் சொன்னார். தலைவர் அன்பாகக் கேட்கும்போது, செத்து நாற்பது வருடம் ஆகிறது என்று முகத்தில் அடித்தமாதிரி யார் சொல்வார்கள்?

இதுதான் விஷயம். எங்கள் ஊர்ப் பேச்சுக்கு ஞாபகம் தேவையில்லை. வாங்க, சௌக்கியமுங்களா, ஊட்டுல எல்லாரும் நல்லாருக்காங்களா, சாப்புட்டீங்களா, சாப்புட்டுத்தான் போகோணும். இந்த ஐந்தையும் வைத்துக்கொண்டு ஒரு மனிதன் ஒரு ஜென்மத்தை ஓட்டிவிடலாம். எதிராளி யார் என்றே தெரியவேண்டியதில்லை. 'கண்ணு' என்ற சொல்லுக்குள் எல்லாப் பெயரும் அடங்கிவிடும். கட்சி மேடையிலும் அவர் அதைத்தான் செய்துகொண்டிருந்தார்: கும்பிட்டு, "எல்லாரும் சாப்புட்டீங்களா?" என்று கேட்பார். கைதட்டல் விண்ணைப் பிளக்கும். உட்கார்ந்துவிடுவார். 'எளிமையான மனுசன்யா' என்று பேசிக்கொள்வார்கள்.

தலைவர் முதல் பந்தியில் சாப்பிட்டு, கை கழுவி, வெற்றிலையும் போட்டார். பிறகு நேராக இரண்டாவது பந்தியில் போய் உட்கார்ந்து இலையில் தண்ணீர் தெளித்தார். மகன் ஓடிவந்து காதில் ஏதோ சொல்லி எழுப்பினான். எழுந்தவர் நடந்து என் தூணுக்கே வந்துவிட்டார்.

"அடடே, அச்சாபீஸ்காரர் பையனுங்களா? வாங்க கண்ணு. அப்பா எப்படி இருக்காருங்க?"

அதே வார்த்தை, கையில் அதே தட்டிக்கொடுத்தல். மகன் என்னைப் பார்த்துச் சிரித்தான். இந்த முறை அந்தச் சிரிப்பு கெஞ்சுவது எனக்குத் தெரிந்தது.

எனக்கு உயிர் வந்தது. வந்த உயிர் நேராகப் பந்திக்குப் போய், ஏற்கெனவே சாப்பிட்டதை மறந்து, இன்னொரு முறை சாப்பிட்டது. ஒரு மாதம் நான் நாய்க்குப் பன் போட்டு வாழ்ந்திருக்கிறேன். கண்டக்டர் முதுகில் ஒட்டிக்கொண்டு பயணம் செய்திருக்கிறேன். அதெல்லாம், தன் பெயரே சரியாக நினைவில் இல்லாத ஒரு கிழவருக்குப் பயந்து! பாயசத்தைக் குடித்துக்கொண்டே எனக்குக் கோபம் வந்தது. நல்ல கோபம், ருசியான கோபம். பயந்தவனுக்குப் பயம் தெளிந்தபின் வரும் கோபம்போல மோசமானது எதுவும் கிடையாது.

மறுநாளே மனுப் போட்டேன். இடத்தைக் கொடுத்தாரா இல்லையா என்பது தலைவருக்கு மட்டுமே தெரிந்த விஷயம். ஆகவே அவருக்காக மகன் சாட்சி சொல்வதை ஏற்க முடியாது, வழக்குப் போட்டவரே கூண்டில் ஏற வேண்டும். மகனுக்கு இரண்டு பக்கமும் அடி. உள்ளாட்சித் தேர்தல் வரப்போகிறது. அப்பா பெயரைச் சொல்லித்தான் சீட்டுக் கேட்டுக்கொண்டிருந்தான். கூட்டி வராவிட்டால், தலைவருக்கு என்னவோ ஆகிவிட்டது என்று கட்சிக்குள் இருக்கும் எதிராளிகளே போஸ்டர் ஒட்டிவிடுவார்கள். கூட்டி வந்தால் நான் இருக்கிறேன்.

என் திட்டம் இதுதான். தலைவருக்குப் புத்தி கலங்கிவிட்டது, இந்த வழக்கு அவர் போட்டதே இல்லை, மகன் அவர் கையைப் பிடித்துக் கையெழுத்து வாங்கியிருக்கிறான் என்று காட்டிவிட்டால் வழக்கே விழுந்துவிடும், வீடு நிற்கும். அந்தம்மாவிடம் சொன்னேன். நோயாளிக் கிழவரைக் கூண்டில் வைத்துக் கேட்க வேண்டியிருக்கும், பரவாயில்லையா என்றும் கேட்டேன்.

"கேளுங் சார். நாலு பேரு முன்னாடி கேளுங்க," என்றார். "அவிய ஊட்டுக்குள்ள நாங்க நின்னு ஒரு கேள்வி கேட்டதில்லீங். எங்களுக்கும் சேத்துக் கேளுங்க."

தலைவர் கோர்ட்டுக்குள் வந்தபோது வெள்ளை வேட்டிகள் மொத்தமும் எழுந்து நின்றன. நீதிபதி அம்மா கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, "எல்லாரும் உக்காருங்க. அவரு இங்க சாட்சி," என்றார். கூண்டில் நாற்காலி போட்டுக் கொடுத்தார்கள். அவர் தரப்பு வாக்குமூலம் எழுத்திலேயே வந்துவிட்டது, அவர் வாய் திறக்க வேண்டியதில்லை. பாக்கி இருந்தது என் குறுக்கு விசாரணை. நான் என்ன கேட்டாலும் 'அது தப்புங்க' என்று சொல்லும்படி பழக்கி அழைத்து வந்திருந்தார்கள்.

நான் எழுந்தேன். "ஐயா, வணக்கமுங்க."

"அது தப்புங்க," என்றார் தலைவர்.

கோர்ட் சிரித்தது. நீதிபதி மேசையைத் தட்டினார். எதிர்த்தரப்பு வக்கீல் எனக்கு மூத்தவர், தலைமுடி முழுக்க வெள்ளை. அவர் மட்டும் சிரிக்கவில்லை. பேனாவை மூடிவைத்துவிட்டுப் பின்னால் சாய்ந்துகொண்டார். தலைவர் என்னை உற்றுப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

"அடடே, அச்சாபீஸ்காரர் பையனுங்களா? அப்பா எப்படி இருக்காருங்க?"

"நல்லா இருக்காருங்க. ஊட்டுல அம்மா எப்படி இருக்காங்க?"

"நல்லா இருக்குதுங்க. வரும்போது அதுதானுங்க இட்லி வெச்சுக் குடுத்துச்சு."

மகன் பெஞ்சிலிருந்து பாதி எழுந்தான். நான் நீதிபதியிடம் திரும்பி, தலைவரின் மனைவி இறந்து ஒன்றரை வருடம் ஆகிறது, மாவட்டம் முழுக்கக் கண்ணீர் அஞ்சலிப் போஸ்டர் ஒட்டியிருந்தது என்றேன். தாழ்ந்த குரலில் சொல்லியிருக்கலாம். நான் அப்படிச் சொல்லவில்லை. மீண்டும் கூண்டுப் பக்கம் திரும்பினேன்.

"உங்க சம்சாரம் இறந்துட்டாங்கன்னு உங்களுக்குத் தெரியுமுங்களா, தெரியாதுங்களா?"

தலைவர் முதலில் சிரித்தார். பிறகு சுற்றிலும் பார்த்தார். எங்கும் யாரும் சிரிக்கவில்லை. வேட்டி நுனியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு மகனைத் தேடினார்.

"ஏண்டா சாமி, அம்மாளுக்கு என்னடா ஆச்சு?"

அந்த இடத்தில் மகன் உண்மையைச் சொன்னால் அப்பா உடைவார். பொய் சொன்னால் வழக்கு உடையும். அவன் பொய் சொன்னான். "ஒண்ணுமில்லீங்கப்பா. அம்மா ஊட்டுலதான் இருக்குது. நீங்க பேசாம இருங்க."

டைப் அடிக்கும் பெண் கையை எடுத்துவிட்டார். நீதிபதி மகனை உட்காரச் சொன்னார். தலைவர் தோளைத் தளர்த்திப் பெருமூச்சு விட்டார். மறுபடி என்னைப் பார்த்தார், மறுபடி முகம் மலர்ந்தது. "அடடே, அச்சாபீஸ்காரர் பையனுங்களா?"

எனக்கு வேண்டியது அங்கேயே கிடைத்துவிட்டது. நீதிபதி குறிப்பு எழுதிக்கொண்டிருந்தார். நான் உட்கார்ந்திருக்க வேண்டும். ஆனால் பஸ்ஸில் நசுங்கிய ஒரு மாதம் எனக்குள் இருந்தது. அதே கேள்வியை, முதல்முறை கேட்பதுபோல, ஒரு சொல் மாற்றாமல் மறுபடி கேட்டேன்.

தலைவரும் அந்தச் சாவை முதல்முறை கேள்விப்படுவதுபோலத்தான் கேட்டு, மகனைத் தேடினார். இந்த முறை மகன் தலையைக் குனிந்துகொண்டான். பொய் சொல்ல ஆள் இல்லை. கிழவர் கூண்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதார். மேடைகளில் கேட்ட குரலே இல்லை அது, நாக்கு தடித்த ஒரு சிறு சத்தம். என் பின்னால் அந்தம்மா இருமினார். நான் திரும்பிப் பார்க்கவில்லை. முதல்முறை கேட்டது வழக்குக்கு. இரண்டாம் முறை கேட்டது தேங்காய் பன்னுக்கு.

"போதும். வழக்குக்கு வாங்க," என்றார் நீதிபதி.

வந்தேன். "ஐயா, நீங்க யாரு மேல கேசு போட்டிருக்கீங்க?"

"கேசா? நானுங்களா?" கண்ணைத் துடைத்துக்கொண்டார். எதற்கு அழுதோம் என்பது அதற்குள் போய்விட்டிருந்தது. "நான் யாரு மேலயும் கேசு போட மாட்டனுங்க கண்ணு. பேசித் தீத்துக்கலாமுங்க."

"அதோ அங்க நிக்கறாங்களே, அவங்க மேல போட்டிருக்கீங்க."

தலைவர் அந்தம்மாவைப் பார்த்தார். குரல் மாறியது. கூண்டில் ஏறியதிலிருந்து முதன்முறையாக 'ங்க' இல்லாமல் பேசினார். அந்த நோய் அவரிடமிருந்து மனைவியின் சாவை எடுத்துக்கொண்டது, பதவியை எடுத்துக்கொண்டது, அன்று காலை இட்லி கொடுத்தது யார் என்பதை எடுத்துக்கொண்டது. யாருக்கு 'ங்க' போடவேண்டும், யாருக்குப் போடவேண்டாம் என்பதை மட்டும் தொடவே இல்லை.

"ஏ புள்ள, நீ எங்க இங்க? உன்றவன் எங்க, மரத்துமேல இருக்கறானா?" என்றவர் சட்டென்று நிறுத்தினார். நெற்றியைச் சுருக்கினார். "இல்ல. அவன் உழுந்துட்டான். நம்ம தோப்புலதான் உழுந்தான். நாந்தான் தூக்குனேன்." பிறகு நீதிபதியிடம், முழுத் தலைவராக நிமிர்ந்து உட்கார்ந்து சொன்னார்: "அந்த மூலைய இவளுக்கு நாந்தானுங்க அம்மணி குடுத்தேன். ஊடு கட்டிக்கோன்னு சொல்லிக் குடுத்தேன். அது அவளது. அவள ஆரு காலி பண்றது?"

அவ்வளவு சுத்தமான வாக்குமூலத்தை என் தொழிலில் நான் கேட்டதில்லை. கொடுத்தேன், வீடு கட்டச் சொன்னேன், அது அவளுடையது. எதிர்த்தரப்புக்காரரின் சொந்த வாயிலிருந்து, கூண்டில், சத்தியப் பிரமாணத்தின்மேல். "இத்துடன் குறுக்கு விசாரணையை முடித்துக்கொள்கிறேன்" என்று, கல்யாணத்தில் தாலி எடுத்துக் கொடுப்பவர்போலச் சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். அந்தம்மா கைகூப்பியபடி நின்றுகொண்டிருந்தார். என்னைக் கும்பிட்டாரா, தலைவரைக் கும்பிட்டாரா என்று தெரியவில்லை.

எதிர்த்தரப்பு வக்கீல் மெதுவாக எழுந்தார். தொண்டையைச் செருமினார்.

"என் கட்சிக்காரருக்குச் சித்த சுவாதீனம் இல்லை என்பதை என் நண்பர் சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபித்துவிட்டார். நான் அதை மறுக்கவில்லை. ஆகையால் அவர் இந்தக் கூண்டில் சொன்ன எதுவும் சாட்சியம் ஆகாது. எதுவும்."

கடைசிச் சொல்லை அவர் இரண்டாகப் பிரித்துச் சொன்ன மாதிரி என் காதில் விழுந்தது. நீதிபதி என்னைப் பார்த்தார். இதற்கு என்ன சொல்கிறீர்கள் என்ற பார்வை. தலைவர் புத்தி தெளிவானவர் என்று நான் சொல்ல வேண்டும். சொன்னால் சற்றுமுன் கேட்ட இட்லிக் கேள்வியெல்லாம் எதற்கு? அவர் புத்தி கலங்கியவர் என்று சொல்ல வேண்டும். சொன்னால் அந்த மூலையை யார் கொடுத்தது? பழைய நினைவுகள் தெளிவாகத்தான் இருக்கின்றன, அண்மையில் நடந்ததுதான் மறந்துபோகிறது என்று என்னவோ ஆரம்பித்தேன். "அதை நீங்க முதல்ல கேட்டிருக்கலாமே," என்றார் நீதிபதி. நாக்கில் தெலுங்கு வந்துவிட்டது. உட்கார்ந்துவிட்டேன்.

வராந்தாவில் அந்த மூத்த வக்கீல் என் தோளில் கை வைத்தார்.

"நல்லாக் கேட்டீங்க தம்பி. இவருக்கு நெனப்பில்லைன்னு நாங்களே சொல்லியிருந்தா அந்தப் பையன் அரசியல்ல நாறிப்போயிருப்பான். நீங்க சொல்லிப்போட்டீங்க. நெம்ப உபகாரமுங்க."

அந்தம்மாவுக்கு நான் விளக்கிச் சொல்ல வேண்டியிருந்தது. வேப்பமரத்தடியில் நின்று சொன்னேன். சட்டம், சித்த சுவாதீனம், பாதுகாவலர் என்று நிறைய சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"அவரு சொன்னாருங்களே சார். எல்லாருங் கேட்டாங்களே."

"கேட்டாங்கம்மா. ஆனா அவருக்குப் புத்தி இல்லன்னு..."

"அத நீங்கதான சொன்னீங்க."

"ஆமா."

"ஒருக்காக் கேட்டுப்போட்டு அவரு அழுதாருன்னு பாக்காம, மறுக்காவும் கேட்டீங்க."

"ஆமாம்மா."

அவர் முந்தானையை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "நீங்க பயந்துட்டே இருந்திருக்கலாமுங் சார்," என்றார். "எனக்கு ஒரு ஊடு மிச்சமாயிருக்கும்." பஸ் ஸ்டாப்பைப் பார்த்து நடந்தார்.

பிறகு நடந்தது இவ்வளவுதான். தலைவரை டாக்டர்கள் பரிசோதித்து மறதி நோய் என்று சான்றளித்தார்கள். அவர் கூண்டில் சொன்னது முழுவதையும் நீதிமன்றம் ஒதுக்கிவைத்தது. வழக்கே நோய் வந்தபின் போடப்பட்டது, ஆகவே செல்லாது என்று நான் வாதாடினேன். குறை எதுவானாலும் சரிசெய்யக்கூடியது என்று மகனையே பாதுகாவலராக நியமித்தார்கள். மகன் கூண்டில் ஏறி, காவலுக்குத்தான் தங்கவைத்தது என்று சாட்சி சொன்னான். நோயாளித் தந்தையைக் கூண்டில் வைத்து அழவைத்த வக்கீலைப் பற்றிப் பேரூராட்சி முழுக்க வாட்ஸப்பில் வந்தது. அந்த அனுதாபத்தில் மகனுக்குச் சீட்டு கிடைத்தது, ஜெயித்தான். தீர்ப்பு அவர்கள் பக்கம். மேல்முறையீட்டில் இடைக்காலத் தடை கேட்டேன், கொடுக்கவில்லை. ஜேசிபி வந்து ஓட்டு வீட்டை இடித்தது. அந்தம்மா இப்போது பல்லடம் பக்கம் ஒரு ஸ்பின்னிங் மில்லில் பஞ்சு கூட்டுகிறார், மில்லின் லைன் வீட்டில் இன்னும் இரண்டு பெண்களோடு ஓர் அறையில் இருக்கிறார்.